டொமைன் மாறியது, மின்னஞ்சல் நின்றது: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் மும்பை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைப் பற்றியவை: டொமைன் பெயரை ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது மின்னஞ்சலுக்கு நேரும் இடையூறுகள். ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்கும் பயன்படும் என்பதால், பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தாராவியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தோல் பைகள் தைத்து விற்கிறது. பதினோரு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் இருந்த எங்கள் டாட் காம் டொமைனை, புதுப்பிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால், சென்ற மாதம் வேறு நிறுவனத்துக்கு மாற்றினோம். மாற்றம் முடிந்ததாகத் தகவல் வந்த மூன்றாம் நாள் இணையதளம் திறக்கவில்லை. தளம் அமைத்துக் கொடுத்த தம்பி ஒரு மணி நேரத்தில் அதைச் சரிசெய்துவிட்டார். ஆனால் அன்று மாலையிலிருந்து மெயில் வரத்து அடியோடு குறைந்துவிட்டது. இரண்டு நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது, பிறகு முற்றிலும் நின்றது. ஜெர்மனி வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அழைத்து, தாம் அனுப்பிய ஆர்டர் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்கிறார். மெயிலுக்கென்று தனியாக ஒரு நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் கட்டுகிறோம். பழைய நிறுவனம் 'டொமைன் இப்போது எங்களிடம் இல்லை' என்கிறது. புதிய நிறுவனம் 'மெயில் எங்கள் பொறுப்பு அல்ல' என்கிறது. மெயில் நிறுவனமோ 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்கிறது. தவறு யாருடையது? வராமல் போன மெயில்கள் இனி வருமா? (தாராவி வாசகர்)

பதில்: மூன்று நிறுவனங்களும் உங்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. ஆனால் மூன்றுக்கும் நடுவில் இருந்த ஒரு பொருளைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. உங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சொசைட்டி அலுவலகப் பதிவேட்டில் வீடு யார் பெயரில் என்று எழுதியிருக்கும். வாசலில் மாட்டிய பலகையில் எந்த அறையில் யார் என்று எழுதியிருக்கும். மாடிப்படிக்குக் கீழே தபால் பெட்டி இருக்கும். டொமைனில் பதிவேட்டை வைத்திருப்பது பதிவு நிறுவனம், பலகைதான் டிஎன்எஸ் ஸோன், பெட்டி உங்கள் மெயில் நிறுவனத்திடம் இருக்கிறது. நீங்கள் மாற்றியது பதிவேட்டை மட்டுமே. பலகையோ பதினோரு ஆண்டுகளாகப் பழைய நிறுவனம் இலவசமாக மாட்டி வைத்திருந்தது. வாடிக்கையாளர் போய்விட்டார் என்றதும் அவர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள்.

டொமைன் மாறும்போது நேம்சர்வர் (அந்தப் பலகையைத் தாங்கி நிற்கும் சர்வர்) விவரங்கள் தாமாக மாறுவதில்லை, பழையவையே தொடரும். அதனால்தான் முதல் இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பழைய நிறுவனம் தன் நேம்சர்வரிலிருந்து உங்கள் ஸோனை நீக்கிய பிறகுதான் தளம் மறைந்தது. அந்த நேரத்தில் உங்களுக்கு அனுப்பப்பட்ட மெயில்கள் தொலையவில்லை என்பதைக் கவனியுங்கள். டிஎன்எஸ் பதில் சொல்லவே மறுத்தால், அனுப்பும் சர்வர் அதைத் தற்காலிகக் கோளாறாகக் கருதி மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். குறைந்தது நான்கைந்து நாள்களாவது முயல வேண்டும் என்பது, மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறையின் பரிந்துரை.

கெடுதல் விளைந்தது தளம் சரிசெய்யப்பட்ட பிறகுதான். அந்தத் தம்பி புதிய நிறுவனத்தின் நேம்சர்வருக்கு மாற்றி, இணையதளத்தின் முகவரியைக் காட்டும் 'ஏ' பதிவை மட்டும் புதிய ஸோனில் எழுதியிருக்கிறார். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை எழுதவில்லை. எம்எக்ஸ் இல்லாத டொமைனுக்கு மெயில் அனுப்பினால், நெறிமுறைப்படி அது 'ஏ' பதிவு காட்டும் சர்வருக்கே, அதாவது தளம் இருக்கும் ஹோஸ்டிங் சர்வருக்கே போகும். அங்கே உங்கள் பெயரில் அஞ்சல் பெட்டி கிடையாது. 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று அந்தச் சர்வர் நிரந்தர மறுப்பைச் சொல்லும், மெயில் உடனே திரும்பிவிடும். வரிசையில் காத்திருந்த மெயில்களும் இதே வழியில் திரும்பியிருக்கும். தளத்தைச் சரிசெய்யாமல் இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் மெயிலுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்பது விசித்திரந்தான். அந்தத் தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம், அவரிடம் கேட்கப்பட்டது தளத்தைப் பற்றி மட்டுமே. இடையில் இரண்டு நாள் சில மெயில்கள் வந்ததற்கும் காரணம் உண்டு. டாட் காம் பதிவகம் (எல்லா டாட் காம் பெயர்களின் பட்டியலையும் வைத்திருக்கும் அமைப்பு) நேம்சர்வர் விவரத்துக்குக் கொடுக்கும் ஆயுள் 1,72,800 விநாடிகள், அதாவது 48 மணி நேரம். பழைய விவரத்தையும் உங்கள் எம்எக்ஸையும் நினைவில் வைத்திருந்த சர்வர்கள் அவற்றின் ஆயுள் தீரும்வரை சரியான இடத்துக்கே அனுப்பின.

இப்போது செய்ய வேண்டியது: மெயில் நிறுவனத்தின் நிர்வாகப் பக்கத்தில் எம்எக்ஸ், மெயில் உண்மையில் உங்களிடமிருந்து வந்ததுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகிய பதிவுகளின் சரியான மதிப்புகள் கொடுக்கப்பட்டிருக்கும். அவற்றைப் புதிய ஸோனில் எழுத்துப் பிசகாமல் சேர்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் எங்கோ பார்த்த மதிப்பைப் போட வேண்டாம். எடுத்துக்காட்டாக, ஸோஹோ மெயில் சேவையில் இந்தியத் தரவு மையத்தில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு எம்எக்ஸ் பெயர்கள் டாட் இன் என்று முடியும். டாட் காம் என்று முடிவதைப் போட்டால் மெயில் வராது. டிகேஐஎம் பதிவின் பெயர் மறந்துவிட்டதென்றால், நீங்கள் முன்பு அனுப்பிய மெயில் ஒன்றை வாடிக்கையாளரிடமிருந்து கேட்டு வாங்கி, அதன் முழுத் தலைப்பைத் திறந்து பாருங்கள். டிகேஐஎம் கையொப்ப வரியில் 'எஸ்' என்ற எழுத்துக்கு எதிரே இருப்பதே அந்தப் பெயர்.

அடுத்து, ஹோஸ்டிங் கணக்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலைத் திறந்து இரண்டு இடங்களைப் பாருங்கள். முகவரி தெரியாத மெயிலை மறுக்காமல் பொதுப் பெட்டி ஒன்றில் போட்டுவைக்கும் அமைப்பு சில கணக்குகளில் உண்டு. அப்படியிருந்தால், திரும்பாமல் மாயமான மெயில்கள் அங்கேதான் கிடக்கும். இன்னொன்று 'ஈமெயில் ரவுட்டிங்'. அது 'லோக்கல்' என்றிருந்தால் 'ரிமோட்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் எம்எக்ஸைச் சரிசெய்த பிறகும், உங்கள் தளத்தின் விசாரணைப் படிவத்தில் வாடிக்கையாளர் எழுதுவது வெளியே வராமல் அந்தச் சர்வருக்குள்ளேயே தங்கிவிடும். இந்தக் கோளாறு மாதக் கணக்கில் கண்ணில் படாமல் இருக்கும், ஏனென்றால் அது எந்தப் பிழைச் செய்தியையும் தருவதில்லை.

திரும்பிப் போன மெயில்கள் தாமாக வரமாட்டா. அனுப்பியவர்களைத்தான் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். ஜெர்மனி வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, அந்த நாள்களில் உங்களுக்கு எழுதியிருக்கக்கூடிய வங்கி, சரக்கு முகவர், ஆடிட்டர் எல்லோருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி: மாட்டுங்காவில் பூஜைப் பொருள் கடை நடத்துகிறேன். டொமைனை இன்னும் மாற்றவில்லை, மாற்ற எண்ணியிருக்கிறேன். டொமைனோடு இலவசமாகக் கொடுத்த இரண்டு அஞ்சல் பெட்டிகளைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். ஜிஎஸ்டி தளத்திலும் வங்கியிலும் அந்த முகவரியே இருக்கிறது. எந்த வரிசையில் செய்தால் ஒரு மெயிலும் தவறாது? (மாட்டுங்கா வாசகர்)

பதில்: நீங்கள் முன்கூட்டியே கேட்டது பெரிய விஷயம். உங்கள் நிலையில் பதிவேடு, பலகை, பெட்டி மூன்றும் ஒரே நிறுவனத்திடம் இருக்கின்றன. டொமைன் வெளியேறியதும் இலவசப் பெட்டிகளும் அவற்றிலுள்ள மெயில்களும் நீக்கப்படலாம். ஆகவே டொமைன் மாற்றத்தைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டி. வேறொரு மெயில் நிறுவனத்தில் அதே முகவரிகளை உருவாக்குங்கள். பழைய மெயில்களை ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாகப் புதிய பெட்டிக்கு நகலெடுங்கள். தண்டர்பேர்டு போன்ற செயலியில் இரண்டு கணக்குகளையும் திறந்து, கோப்புறைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்தாலே போதும். கடைக் கணினியில் பாப் முறையில் மெயில் எடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், பழைய மெயில்கள் சர்வரிலேயே இல்லாமல் அந்தக் கணினியில் மட்டும் இருக்கக்கூடும். அதை ஒருமுறை சோதித்துவிட்டு, அந்தக் கணினியின் காப்புநகல் ஒன்றையும் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது பலகை. பழைய ஸோனில் உள்ள ஒவ்வொரு பதிவையும் ஸ்கிரீன்ஷாட்டாகவாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்எஸ்செக் (ஸோன் பதிவுகளுக்குக் கையொப்பமிடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால், நேம்சர்வரை மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பழைய டிஎஸ் பதிவு பதிவகத்தில் தங்கியிருக்கும்போது நேம்சர்வரை மாற்றினால், கையொப்பம் சரிபார்க்கும் சர்வர்களுக்கு உங்கள் டொமைன் பொய்யானதாகத் தெரியும். அது சிலரிடமிருந்து மட்டும் மெயில் வராத குழப்பமான நிலையை உண்டாக்கும். புதிய ஸோனில் எல்லாப் பதிவுகளையும் எழுதி, புதிய பெட்டிக்கான எம்எக்ஸையும் எழுதி, அதன் பிறகே நேம்சர்வரை மாற்றுங்கள். பதிவுகளின் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் அவற்றை நினைவில் வைத்திருக்கும் ஆயுளை) முன்கூட்டியே 300 விநாடிகளாகக் குறைத்து வைக்கலாம். ஆனால் முன்பு சொன்ன 48 மணி நேரம் பதிவகத்தினுடையது, அதில் நாம் கைவைக்க முடியாது. அந்த இரண்டு நாளும், எச்சரிக்கைக்காக மேலும் சில நாளும், பழைய பெட்டி புதிய பெட்டி இரண்டையும் பார்த்துவாருங்கள்.

ஒரு வாரம் தொல்லையில்லாமல் ஓடிய பிறகு டொமைனை மாற்றலாம். அப்போது மாறுவது பதிவேடு மட்டுமே என்பதால் மெயிலுக்கு ஒன்றும் நேராது. மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவராக இருந்தால், 11ஆம் தேதியையும் 20ஆம் தேதியையும் ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். ஓடிபி வராத 20ஆம் தேதி இரவு எப்படியிருக்கும் என்பதை உங்கள் ஆடிட்டர் விளக்குவார். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனத்திடம் பதிவை மாற்றுவதென்றால், ஸோன் முன்னதாகவே அவர்களிடம் வந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. நான் சொன்ன வரிசையோடு அது ஒத்துப்போகிறது என்றாலும், ஸோனை வேறிடத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அந்த நிறுவனம் ஒத்துவராது.

கேள்வி: செம்பூரில் சிறிய டிராவல்ஸ் நடத்துகிறேன். டொமைனை மாற்ற ஆத் கோடு (மாற்றத்தை அனுமதிக்கும் ரகசியக் குறியீடு) கேட்டால் 'பதிவு செய்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டோம்' என்கிறார்கள். அந்த மின்னஞ்சலோ எங்கள் டொமைனிலேயே இருந்த பழைய முகவரி. அந்தப் பெட்டி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. இப்போது என்ன வழி? (செம்பூர் வாசகர்)

பதில்: சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை இது. உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை, நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். என் சொந்த டொமைனின் தொடர்பு முகவரியை அந்த டொமைனிலேயே வைத்திருந்தேன். காலாவதி நினைவூட்டல்கள் வந்துசேர்ந்த பெட்டியை நான் திறப்பதே இல்லை. டொமைன் காலாவதியான பிறகு வந்த நினைவூட்டல்களுக்கோ, திறப்பதற்குப் பெட்டியே இல்லை. அன்றிலிருந்து என் பதிவுக் கணக்குகளுக்கெல்லாம் வேறு இடத்து முகவரி ஒன்றையே கொடுத்துவருகிறேன்.

உங்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. டொமைனின் கன்ட்ரோல் பேனலுக்குள் நுழைய முடிகிறதென்றால், அந்த மூடிய முகவரியை மெயில் நிறுவனத்தில் மீண்டும் உருவாக்குங்கள், அல்லது உயிருள்ள பெட்டிக்கு மாற்றுப்பெயராகச் சேருங்கள். டொமைன் இன்னும் உங்களுடையது, எம்எக்ஸும் உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே அந்த முகவரிக்கு அடுத்து வரும் மெயில் உங்களிடம்தான் வந்துசேரும். பிறகு ஆத் கோடு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். தொடர்பு முகவரியையே மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் உரிமையாளரின் பெயர், நிறுவனப் பெயர், மின்னஞ்சல் இவற்றில் எதை மாற்றினாலும், அது உரிமையாளர் மாற்றமாகக் கருதப்பட்டு 60 நாள் பூட்டு விழக்கூடும். அந்தப் பூட்டை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் வசதியைச் சில நிறுவனங்கள் தருகின்றன. மாற்றுவதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகப் பதிந்த டொமைனுக்கும், அண்மையில் நிறுவனம் மாறிய டொமைனுக்கும் இதேபோல் 60 நாள் தடை உண்டு.

நுழைவே இல்லையென்றால், அடையாள ஆவணங்களுடன் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். உரிமையாளர் கேட்ட ஐந்து நாள்களுக்குள் ஆத் கோடு தர வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் உலக அமைப்பான ஐகானின் விதி. தராமல் இழுத்தடித்தால் ஐகானிடமே புகார் செய்யலாம். ஆனால் பதிவேட்டில் உரிமையாளர் என்று இருப்பவர் நீங்களா, தளம் அமைத்துக் கொடுத்தவரா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். பலருடைய வழக்கு அந்த இடத்திலேயே தோற்றுப்போகிறது. இவையெல்லாம் டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்றவற்றுக்கானவை. டாட் இன் பெயர்கள், அவற்றை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்ஸியின் விதிகளுக்கு உட்பட்டவை, அவற்றுக்கும் ஆத் கோடு தேவை.

இன்னொரு செய்தியும் உங்களுக்குத் தெரிய வேண்டும். மாற்றக் கோரிக்கை வந்ததும் பழைய நிறுவனம் உரிமையாளரின் முகவரிக்கு ஒரு அறிவிப்பு அனுப்பும். அதற்கு ஐந்து நாள் பதில் வராவிட்டால் மாற்றம் நின்றுபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது: மறுப்பு வராவிட்டால் மாற்றம் நடந்துவிடும். செத்துப்போன தொடர்பு முகவரியும் கசிந்துபோன கோடும் சேர்ந்தால், டொமைன் கைமாறுவதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

கேள்வி: டொமைனையும் நேம்சர்வரையும் மாற்றிய பிறகு மெயில் சரியாக வருகிறது. ஆனால் நாங்கள் அனுப்பும் பில்கள் எல்லாம் வாடிக்கையாளரின் ஜிமெயிலில் ஸ்பேம் பகுதிக்குப் போகின்றன. (முலுண்டு வாசகர்)

பதில்: எம்எக்ஸை நினைவில் வைத்திருந்தவர் டிகேஐஎம்மை மறந்திருக்கிறார். எம்எக்ஸ் இல்லாவிட்டால் மெயில் வராது, அதனால் அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். எஸ்பிஎஃப்பும் டிகேஐஎம்மும் இல்லாவிட்டால் அனுப்பியது போனதாகவே உங்கள் பக்கம் தோன்றும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எவரும் இவ்விரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், அவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவும் வேண்டும். உங்கள் ஸோனில் எஸ்பிஎஃப் வரி இரண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய நிறுவனம் தானாகப் போட்டது ஒன்று, நீங்கள் சேர்த்தது ஒன்று என்று இரண்டு இருந்தால், இரண்டுமே செல்லாதவையாகிவிடும். ஒரே வரியாக இணைத்து எழுதுங்கள். டிகேஐஎம் சாவி நீளமானது, 255 எழுத்துக்கு மேல் போகும்போது சில கன்ட்ரோல் பேனல்கள் அதன் வாலை வெட்டிவிடும். ஒட்டிய பிறகு கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் டொமைன் மாற்றம் எந்தத் தடங்கலும் இல்லாமல் முடிந்தது. இரண்டு வாரம் கழித்துத் தளம், மெயில் இரண்டும் ஒரே நாளில் நின்றுவிட்டன. எதையும் நாங்கள் தொடவில்லை. (வாஷி வாசகர்)

பதில்: தொடாததுதான் காரணமாக இருக்க வேண்டும். டொமைன் புதிய நிறுவனத்துக்கு வந்ததும், உரிமையாளரின் மின்னஞ்சல் உண்மையானதுதானா என்று சரிபார்க்கும் இணைப்பு ஒன்றை அந்த நிறுவனம் அனுப்பும். 15 நாள்களுக்குள் உறுதிசெய்யாவிட்டால், நிறுவனம் வேறு வழியில் சரிபார்க்க வேண்டும், அல்லது டொமைனை முடக்க வேண்டும். முடக்கப்பட்ட பெயர் பதிவகத்தின் பட்டியலிலிருந்தே நீக்கப்படும்போது, 'அப்படி ஒரு டொமைனே இல்லை' என்ற பதில் போகும். ஆகவே தாராவி வாசகருக்குச் சொன்ன நான்கைந்து நாள் காத்திருப்பு இங்கே கிடைக்காது, மெயில்கள் உடனுக்குடன் திரும்பும். அந்த இணைப்பு ஸ்பேம் பகுதியிலோ முன்னாள் செயலாளரின் பெட்டியிலோ கிடக்கலாம். தேடிக்கொண்டிராமல் புதிய நிறுவனத்தின் கணக்குப் பக்கத்திலிருந்து இன்றே மறுபடி அனுப்பச் செய்து, உறுதிசெய்யுங்கள். தொடர்பு முகவரியே முடங்கிய டொமைனில் இருந்தால் அந்த மெயிலும் வராது. அப்போது வாடிக்கையாளர் சேவையைத் தொலைபேசியில் அழைத்து, தொலைபேசி எண் வழியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.